கொடைப் பணத்தில் தொடங்கிய படிப்பு நிதி வளர்ந்துவிட்டது, டிரஸ்ட் ஆக்கலாமா?

கிளைத்தபால் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எனக்கு. கிளைத் தபால் அலுவலகத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து 2019-இல் ஓய்வு பெற்றேன். கிளை அலுவலகம் என்பதால் முத்திரை குத்துவதும் நான்தான், வீடு வீடாகத் தபால் கொடுப்பதும் நான்தான். கேள்விக்கு முன்னால் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008 வைகாசியில் எங்கள் அம்மன் கோயில் கொடை (திருவிழா) முடிந்தபோது, குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரியில் 11,400 ரூபாய் மிஞ்சியது. மிச்சப் பணத்தை ஊருக்குள்ளேயே வட்டிக்கு விட்டு அடுத்த கொடைக்குச் சேர்ப்பதுதான் வழக்கம். ஒன்றரை மாதம் கழித்து ஒரு வீட்டுக்குப் பதிவுத் தபால் கொண்டுபோனேன். அரசு நர்சிங் டிப்ளமோவுக்கு இடம் கிடைத்த கடிதம். அந்தப் பிள்ளை மடியில் பீடிச் சொளவோடு (முறத்தோடு) திண்ணையில் இருந்தது. கை முழுக்கத் தூள், அதனால் என்னையே பிரித்து வாசிக்கச் சொன்னது. இடம் கிடைத்துவிட்டது என்று வாசித்ததும் முகமெல்லாம் சிரிப்பு. ஆறு நாளைக்குள் சேர வேண்டும், சீருடை, பெட்டி, விடுதி முன்பணம் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் வேண்டும் என்று கணக்குச் சொன்னதும் கத்திரியை எடுத்து மறுபடி இலை வெட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளேயிருந்து வந்த அதன் அம்மா, "ஆயிரம் பீடிக்கு எம்புட்டு குடுக்கான்னு உங்களுக்குத் தெரியும்லா அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாள்.

அன்று ராத்திரியே தர்மகர்த்தாவைப் போய்ப் பார்த்தேன். மறுநாள் காலையில் பெரியவர்கள் நாலு பேர் கோயில் வாசலில் உட்கார்ந்தார்கள். அம்மன் பணம் அம்மன் பிள்ளைக்குப் போகட்டும் என்று முடிவானது. அடுத்த வருஷத்திலிருந்து தலைக்கட்டுக்கு 100 ரூபாய் படிப்பு வரி என்று தனியாகப் போட்டோம். 140 தலைக்கட்டு, 14,000 ரூபாய். அப்புறம் சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள், தாராவியில் இருப்பவர்கள், துபாய் போனவர்கள் என்று ஒவ்வொருவராக அனுப்ப ஆரம்பித்தார்கள். போன வருஷம் வந்தது 4,86,000 ரூபாய். படிக்கிற பிள்ளைகள் 31 பேர். இது தவிர பழைய ரேஷன் கடை அறையில் ஒரு படிப்பகம் நடக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் புத்தகம் போன பிள்ளைகளுக்கெல்லாம் மறுபடி வாங்கிக் கொடுத்தோம். குளத்து மடைக்குப் புதுப் பலகை போட்டோம்.

இதெல்லாம் நடப்பதற்கு ஒரே காரணம் கணக்கு வாசிப்பு என்று நான் நம்புகிறேன். கொடை முடிந்து எட்டாம் நாள் வரும் எட்டாம் கொடை அன்று சாயங்காலம் கோயில் முன்னால் மைக் வைத்து நோட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்போம். யார் எவ்வளவு தந்தார், எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு போனது, எல்லாம். 2014-இல் அப்படி வாசித்துக்கொண்டிருந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஆச்சி எழுந்து, "ஏய்யா, மூணாவதா வாசிச்ச பய காலேஜ விட்டுட்டு கேரளாவுக்கு ஓட்டல் வேலைக்குப் போயி ரெண்டு மாசம் ஆச்சுல்லா" என்றார். எங்களுக்குத் தெரியாது. மறுநாளே இரண்டு பேர் ரயில் ஏறிப் போய் விசாரித்தோம். கல்லூரிக் கட்டணம் கட்டியாயிற்று, விடுதிச் சாப்பாட்டுக் காசு கட்ட முடியவில்லை, கேட்க வெட்கம். கூட்டிக்கொண்டு வந்தோம். இன்று அவன் மின் வாரியத்தில் இருக்கிறான்.

இப்போது கேள்வி. பணம் முழுவதும் என் சேமிப்புக் கணக்கில்தான் வந்து போகிறது. அது சரியில்லை என்று என் மகன் இரண்டு வருஷமாகச் சொல்கிறான். டிரஸ்டாகப் பதிவதா, சங்கமாகப் பதிவதா? இன்னொன்று, எங்கள் ஊரில் பிறந்து இப்போது அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட ஒருவர் பத்து லட்சம் தருகிறேன் என்கிறார். பாதி படிப்புக்கு, பாதி அவர் அப்பா பெயரில் ஊர் முகப்பில் ஒரு வளைவு. இன்னும் வாங்கவில்லை. பெரியவர்களில் பாதிப் பேர் வளைவு வேண்டும் என்கிறார்கள். 31 பிள்ளைகள் 60 ஆனால் யாருக்கு முதலில் கொடுப்பது என்பதும் தெரியவில்லை. பதிவு, ஆடிட்டர் என்று போனால் இந்த வாசிப்பு போய்விடுமோ என்பதுதான் எனக்கு உள்ளுக்குள் பயம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை_ஆடிட்டர் எழுதியது:

அண்ணாச்சி, வணக்கம். முதலில் உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து பணத்தை வெளியே கொண்டுவாருங்கள். உங்கள் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் உங்களுக்கு நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த நாலே முக்கால் லட்சம் சட்டப்படி உங்கள் வாரிசுகளின் பணம். 31 பிள்ளைகளின் ஜூன் மாதக் கட்டணம் அதில் மாட்டிக்கொள்ளும்.

சங்கம் என்றால் 1975-ஆம் வருஷத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி மாவட்டப் பதிவாளரிடம் விவரம் தாக்கல் செய்ய வேண்டும். டிரஸ்ட் என்றால் ஆவணம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் போதும். இரண்டு மூன்று அறங்காவலர்களோடு நடத்தலாம், ஆனால் உங்கள் ஊருக்கு ஏழெட்டுப் பேராவது போடுங்கள், இரண்டு பெண்கள் கட்டாயம் இருக்கட்டும். ஆவணம் எழுதும்போது அவசரப்படாதீர்கள். பின்னால் ஒரு வரியை மாற்றுவதற்குப் பெரிய அலைச்சல்.

அப்புறம் டிரஸ்டுக்குத் தனி பான் அட்டை, இரண்டு பேர் கையெழுத்தோடு வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையில் 12ஏபி பதிவு (டிரஸ்டுக்கு வரிவிலக்கு), 80ஜி அனுமதி (பணம் தருபவருக்கு வரிச்சலுகை). புது டிரஸ்டுக்கு முதலில் மூன்று வருஷத் தற்காலிகப் பதிவு கொடுப்பார்கள். (புது வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. நான் பழகிய எண்களையே சொல்கிறேன்.) வருஷ வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருஷமே செலவழிக்க வேண்டும் என்பது பொது விதி, 15 சதவீதத்துக்கு மேல் மிச்சம் வைக்கத் தனியாக மனு உண்டு. மிச்சத்தை ஊருக்குள் வட்டிக்கு விடவே கூடாது. வங்கி வைப்பு, தபால் சேமிப்பு மாதிரி சட்டம் சொல்லும் இடங்களில்தான் போட வேண்டும். ரொக்கமாக 2,000-க்கு மேல் தருபவருக்கு 80ஜி சலுகை கிடையாது. இப்போது சம்பளக்காரர்களில் நிறையப் பேர் புதிய வரிமுறைக்கு மாறிவிட்டார்கள், அவர்களுக்கு 80ஜி-யே கிடையாது. அதனால் வரிச்சலுகையைக் காட்டிப் பணம் கேட்கலாம் என்று ரொம்ப நம்ப வேண்டாம்.

இனி சொல்வதுதான் உங்களுக்கு முக்கியம். ஒரு குறிப்பிட்ட மதத்துக்கோ சாதிக்கோ மட்டும் பயன்படும் அறக்கட்டளைக்கு வரிவிலக்கு கிடையாது என்று வருமான வரிச் சட்டத்தின் 13(1)(பி) பிரிவு சொல்கிறது. நம் பக்கத்தில் ஒரு கோயிலுக்கு யார் யார் வரி கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "எங்கள் கோயில் வரிதாரர்களின் பிள்ளைகள்" என்று ஆவணத்தில் எழுதினால் அங்கேயே கதை முடிந்தது. ஊர் முழுவதும் என்று எழுதுங்கள், எழுதியபடி கொடுங்கள். கொடைக் கணக்கும் படிப்புக் கணக்கும் ஒரே நோட்டில் இருக்கவே கூடாது. கோயிலுக்குச் செலவழித்தது மொத்த வருமானத்தில் ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் 80ஜி போய்விடும்.

அமெரிக்கக் குடிமகன் பணத்தை வாங்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. இங்கே பிறந்தவராக இருந்தாலும் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் அது வெளிநாட்டுப் பணம்தான். 2010-ஆம் வருஷ வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு வேண்டும். அதற்குப் பொதுவாக மூன்று வருஷம் இயங்கி 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும், பணமும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். துபாய் பிள்ளைகள் இந்திய பாஸ்போர்ட்டோடு தங்கள் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. அமெரிக்காக்காரர் தம்பி கணக்குக்கு அனுப்பி, தம்பி உங்களுக்குக் கொடுப்பது என்று யாராவது யோசனை சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள்.

வாசிப்பை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, தாராளமாக வாசியுங்கள்.

அம்பை_டீச்சர் எழுதியது:

அண்ணாச்சி, நான் அரசுப் பள்ளியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். யாருக்கு முதலில் என்று கேட்டீர்கள். அதற்கு முன்னால், அரசாங்கம் ஏற்கெனவே எதைக் கொடுக்கிறது என்று பாருங்கள். தெரியாமலே நிறைய நிதிகள் அதே காசை இரண்டாம் முறை கொடுக்கின்றன.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022-இல் வந்தது. 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளுக்கும் நீட்டித்தார்கள், அந்த விழா நம் தூத்துக்குடியில்தான் நடந்தது. பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப்புதல்வன். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவம், பொறியியல் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டும் அரசே கட்டுகிறது. ஆனால் இதெல்லாம் கைக்கு வந்து சேர மாதங்கள் ஆகும். ஜூன், ஜூலையில்தான் பிள்ளை தவிக்கும். பெட்டி, பஸ், முதல் மாதச் சாப்பாடு, கலந்தாய்வுக்கு வெளியூர் போய்வரும் செலவு. உங்கள் நர்சிங் பிள்ளைக்கும் அந்த ஆறு நாள்தானே கஷ்டம்? அந்த இடத்தில் உங்கள் பணம் நிற்கட்டும். 60 பேரைத் தாங்கும்.

பீடி சுற்றுபவர்களின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நல அமைப்பு தரும் உதவித்தொகை தனியாக இருக்கிறது. பட்டப்படிப்புக்கு வருஷம் 6,000, தொழிற்படிப்புக்கு 25,000 வரை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நம் பக்கத்தில் கிடைக்க வேண்டிய எத்தனையோ வீட்டுக்கு இது போய்ச் சேரவில்லை. அம்மாவின் பீடித் தொழிலாளர் அட்டை எங்கே என்றால் பரணில் தேடுவார்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைத்திருக்காது. படிப்பகத்தில் ஒரு கம்ப்யூட்டரும் விஷயம் தெரிந்த ஒரு பெண்ணும் இரண்டு மாதம் உட்கார்ந்தால், உங்கள் நிதி ஒரு ரூபாய் கொடுக்காமலே பல ஆயிரம் வீட்டுக்கு வரும்.

மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி வரைக்கும் பீடி சுற்றிவிட்டு 380 எடுத்தவளையும், டியூஷனுக்குப் போய் 480 எடுத்தவனையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

வடபழனி_மளிகை எழுதியது:

அண்ணாச்சி, நமக்கு ஆலங்குளம் பக்கம். வளைவு பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் ஊரில் கட்டினோம். நானும் ஐம்பதாயிரம் கொடுத்தேன். பெயர் யாருடையது முதலில் என்பதில் இரண்டு குடும்பம் இன்றுவரை பேசுவதில்லை. கதிர் அறுக்கும் மெஷினை ஏற்றி வந்த லாரி உள்ளே நுழைய முடியாமல் மெயின் ரோட்டிலேயே இறக்கி ஓட்டி வந்தார்கள். அவர் இந்தியக் குடிமகனாக இருந்திருந்தால் அந்தப் பத்து லட்சத்தை வைப்பில் போடச் சொல்லியிருப்பேன். ஏழு சதவீத வட்டி என்று வைத்தாலும் வருஷம் எழுபதாயிரம், அவர் அப்பா பெயரில் வருஷா வருஷம் ஏழு பிள்ளை காலேஜுக்குப் போகும். எஃப்.சி.ஆர்.ஏ. கிடைக்கிற வரைக்கும் அவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். ஊர்மேல் பாசம் உள்ளவர் காத்திருப்பார்.

மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தை ஒரு நாள் போய்ப் பாருங்கள். எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். 1981-இல் சில குழந்தைகளோடு தொடங்கினார். பிறகு வந்து சேர்ந்த சங்கர ராமன் ஒரு ஆடிட்டர், அவரும் சக்கர நாற்காலியில்தான். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நான் போனபோது ஒருவர் கணக்குப் புத்தகத்தையும் காட்டினார், குழந்தைகள் நடை பழகும் கூடத்தையும் காட்டினார். இரண்டையும் காட்டியது எனக்குப் பிடித்திருந்தது.

நாரோயில்_லேப் எழுதியது:

ஐயா, உங்கள் கதையை இரண்டு தடவை படித்தேன். நானும் பீடி சுற்றிய வீட்டுப் பெண்தான். இப்போது நாகர்கோவிலில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒன்று சொல்லட்டுமா, தப்பாக நினைக்காதீர்கள்.

பிளஸ் டூ முடித்தபோது ஒரு அமைப்பு எனக்கு 10,000 ரூபாய் கொடுத்தது. திருநெல்வேலியில் ஒரு மண்டபத்தில் விழா. எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஆள் உயரத்துக்கு ஒரு காசோலை அட்டையைப் பிடிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். அது பேப்பரில் வந்தது. விடுதியில் யாரோ அதை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள், பாராட்டுகிற எண்ணத்தில்தான். நான் மூன்று நாள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகவில்லை. இரண்டாம் வருஷம் அதே உதவிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அம்மா கம்மலை அடகு வைத்தாள்.

பணம் தந்தவர் பெயரை வாசியுங்கள், அவர்களுக்குச் சந்தோஷம். வாங்கின பிள்ளை பெயரை மைக்கில் வாசிப்பது சரியா? அந்தப் பையன் கேரளாவுக்குப் போனது, கேட்க வெட்கப்பட்டுத்தானே?

கிளைத்தபால் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. ஆடிட்டர் தம்பி சொன்னதும், நாகர்கோவில் மகள் சொன்னதும் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த நர்சிங் பிள்ளை இப்போது ஒரு அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். போன் பண்ணிக் கேட்டேன். உன் பெயரை வாசித்தது உனக்கு எப்படியம்மா இருந்தது என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. அம்மாதான் அன்னைக்கு எட்டாங்கொடைக்கு வரல. அதுக்கப்புறம் நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் வரல" என்றது. அத்தனை வருஷமும் மைக்கைப் பிடித்து வாசித்தவன் நான்தான். பச்சைக் கரைச் சேலையில் முன்வரிசையில் உட்காருகிறவள் அவள். அவள் வராதது என் கண்ணில் படவில்லை.

கோயில் வாசலில் மறுபடி பேசினோம். பேச்சு கொஞ்சம் சூடாகத்தான் போனது. இனிமேல் வரவு செலவு காசு விடாமல் வாசிப்போம், பெயர் இல்லாமல். நர்சிங் இரண்டு பேர், பாலிடெக்னிக் ஐந்து பேர், இவ்வளவு ரூபாய் என்று. பெயர் இருக்கிற நோட்டு நாலு பெண்களிடம் இருக்கும். மாதம் ஒரு தடவை பிள்ளையை வீட்டிலோ போனிலோ விசாரிப்பது அவர்கள் வேலை. கேரளா விஷயத்தைச் சொன்ன ஆச்சி காலமாகிவிட்டார், அவர் மருமகள் நாலு பேரில் ஒருத்தி. வளைவு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. அமெரிக்காவில் இருப்பவரிடம் நானே பேசினேன். மனது கஷ்டப்பட்டார், ஆனாலும் மூன்று வருஷம் பொறுக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

டிரஸ்ட் ஆவணத்தில் ஊர் முழுவதும் என்றுதான் எழுதப் போகிறோம். ஆடிட்டர் தம்பி, நீங்கள் சட்டத்துக்காகச் சொன்னீர்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு இருக்கிறது. எங்கள் கோயிலுக்கு அவர்கள் வரி கிடையாது. அந்தத் தெருவுக்கும் நான்தான் தபால் கொடுத்தேன். கல்லூரிக் கடிதங்கள் அங்கேயும் போயிருக்கின்றன, என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். கொடுத்துவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறேன். 17 வருஷத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட நம் நோட்டில் இடம் இருக்கிறது என்று நான் சொன்னதில்லை. எனக்கு இது பெரிய குறை. போன ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்த நாலு பெண்களில் இரண்டு பேர் இனி அந்தத் தெருவிலிருந்துதான். தர்மகர்த்தா உடனே சம்மதிக்கவில்லை. சம்மதித்தார்.

அங்கே ஒரு வீட்டில் பொண்ணு பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். அம்மா பீடி சுற்றுகிறாள். டீச்சர் சொன்ன அட்டையைக் கேட்டேன். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். ரேஷன் கார்டு, பழைய பிராவிடண்ட் ஃபண்ட் சீட்டு, அதற்குள் அட்டை. போட்டோ வெளிறிப்போயிருக்கிறது, நம்பர் தெளிவாக இருக்கிறது. ஆனால் அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் அதே பெயர் பாதிதான் இருக்கிறது. பொண்ணின் வங்கிக் கணக்கு ஒரு வருஷமாக வரவு செலவு இல்லாமல் கிடக்கிறது. டீச்சர், முதலில் எதைத் திருத்த வேண்டும்?

அம்பை_டீச்சர் எழுதியது:

அண்ணாச்சி, முதலில் ஆதார். உங்களுக்குத் தெரிந்த இடம்தான், தபால் அலுவலக ஆதார் மையத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போங்கள். அட்டையில் இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து வரட்டும். திருத்தம் வருவதற்குள் பொண்ணு வங்கிக்குப் போய் நூறு ரூபாய் போட்டுக் கணக்கை உயிர்ப்பிக்கட்டும், ஆதாரை இணைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளட்டும். முக்கூடலில் பீடித் தொழிலாளர் மருத்துவமனை இருக்கிறதே, அட்டை பற்றி அங்கேயும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

சனிக்கிழமை நான் சும்மாதான் இருக்கிறேன். பஸ்ஸைப் பிடித்து உங்கள் படிப்பகத்துக்கு வருகிறேன். அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டில் அட்டை இருந்தாலும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.